முடங்கிய கைகள், முடங்காத பணி

போர்க்களங்களையும் அரியணைகளையும் பற்றி எழுதுவதே வரலாறு என்று நாம் எண்ணிப் பழகிவிட்டோம். அரபு மொழியில் தபகாத், தராஜிம் என்னும் பெயர்களில் வழங்கும் வாழ்க்கை வரலாற்றுத் தொகுதிகளைப் புரட்டுவோர் அங்கே வேறொரு வரலாற்றையும் காண்பர். ஓர் அறிஞர் எங்கே பிறந்தார், யாரிடம் ஓதினார், எந்நூல்களை யாத்தார் என்று சொல்லிவரும் அந்த ஆசிரியர்கள், அவர் எந்நோயுற்றார், எத்தனை காலம் படுக்கையில் கிடந்தார், எழுதுகோல் பிடிக்க இயலாதபோது எவ்வாறு நூல் செய்தார் என்பனவற்றையும் மறவாது குறித்து வைத்தனர்.

இன்று நம் குடும்பங்களுக்குப் பயன்படக்கூடிய பகுதி இது. முடக்குவாதம் எனப்படும் மூட்டு நோயை அறியாத ஊர் இல்லை. விரல், மணிக்கட்டு, முழங்கால் என்று உடலின் இருபுறமும் மூட்டுகள் வீங்கும். காலையில் எழுந்ததும் கை மடங்காது, விரல் நீளாது. ஒரு மணி நேரமோ, அதற்கும் மேலோ சென்ற பிறகே உடல் சற்று இளகும். ஆண்களைக் காட்டிலும் பெண்களை இந்நோய் இரு மடங்கு, மும்மடங்கு மிகுதியாகப் பற்றுகிறது. பல இல்லங்களில் இது தனித்தும் வருவதில்லை. நீரிழிவு, இரத்த அழுத்தம், இதயக் கோளாறு, சிறுநீரகக் கோளாறு, எலும்புத் தேய்வு ஆகியவற்றுள் இரண்டு மூன்று உடன் சேர்ந்துகொள்கின்றன. ஒரே உடலில் பல நோய்கள் குடியிருக்க, அவற்றோடு பல்லாண்டுகள் வாழ வேண்டிய நிலையில் உள்ளோருக்கு நம் முன்னோரின் வரலாறு சொல்வது என்ன?

பஸ்ராவின் நோயாளர் இருவர்

முதலில் ஒரு நபித்தோழரைக் காண்போம். இம்ரான் இப்னு ஹுஸைன் (ரலி) அவர்கள் ஹிஜ்ரி 7 ஆம் ஆண்டில் இஸ்லாத்தைத் தழுவியவர். கலீஃபா உமர் (ரலி) அவர்களால் மார்க்கக் கல்வி புகட்டுவதற்காக பஸ்ரா நகருக்கு அனுப்பப்பட்டவர். மூலநோயால் வருந்திய அவர், எவ்வாறு தொழுவது என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் வினவினார். நின்று தொழுமாறும், இயலாவிடில் அமர்ந்து தொழுமாறும், அதுவும் இயலாவிடில் ஒருக்களித்துப் படுத்த நிலையில் தொழுமாறும் பெருமானார் (ஸல்) விடையளித்தார்கள். ஸஹீஹுல் புகாரியில் இடம்பெற்றுள்ள இச்செய்தியே நோயாளியின் தொழுகை பற்றிய சட்டங்களுக்கு அடிப்படையாயிற்று.

அந்தக் கேள்வி எழுந்தது ஒரு நோயாளியின் தேவையிலிருந்து. தம் இயலாமையை மறைக்காமல் அவர் எடுத்துச் சொன்னதால், பதினான்கு நூற்றாண்டுகளாக எத்தனையோ நோயாளிகள் நாற்காலியிலும் கட்டிலிலும் இருந்தவாறே இறைவனை வணங்குகின்றனர். பிற்காலத்தில் இம்ரான் (ரலி) அவர்கள் வயிற்று நோயுற்று முப்பது ஆண்டுகள் படுக்கையிலேயே கழித்ததாக வரலாற்றாசிரியர்கள் குறிக்கின்றனர். அந்த ஆண்டுகளிலும் மக்கள் அவரிடம் வந்து கேட்டுத் தெளிந்தனர். ஹிஜ்ரி 52 இல் (கி.பி. 672) அவர் மறைந்தார்.

அதே பஸ்ராவில் இரண்டு நூற்றாண்டுகளுக்குப் பின் நோயோடு முதுமையைக் கழித்தவர், அரபு உரைநடையின் பேராசான் எனப் போற்றப்படும் அல்ஜாஹிழ். கிதாபுல் ஹயவான், அல்பயான் வத்தப்யீன், கிதாபுல் புகலா ஆகிய நூல்களால் அழியாப் புகழ் கொண்டவர். ஹிஜ்ரி 255 இல் (கி.பி. 868-69) ஏறத்தாழத் தொண்ணூறு வயதைக் கடந்த நிலையில் இறந்தார். இறுதி ஆண்டுகளில் அவர் உடல் இரு கூறாகப் பிரிந்து கிடந்தது. பக்கவாதத்தால் ஒரு பாதி உணர்விழந்திருந்தது. மறு பாதியில் மூட்டு நோவு. உணர்விழந்த பாதியை அறுத்தாலும் தமக்குத் தெரியாதென்றும், நோவுள்ள பாதியின் அருகே ஓர் ஈ பறந்தாலும் தாங்காதென்றும், இவற்றிற்கெல்லாம் மேலான துன்பம் தம் வயதுதான் என்றும் அவர் தம்மைக் காண வந்தோரிடம் கூறியதாக இப்னு கல்லிகான் (ரஹ்) எழுதுகிறார். சிறுநீர்க் கல்லும் அவரை வருத்தியதென்று கூறுவோர் உண்டு.

அவர் கூறியதாக வரும் மற்றொரு செய்தி நம் சிந்தனைக்குரியது. ஒன்றுக்கொன்று பகையான நோய்கள் தம் உடலில் உடன்படிக்கை செய்துகொண்டன என்றாராம் அவர். குளிர்ச்சியான உணவை உண்டால் காலைப் பற்றுகிறது. சூடானதை உண்டால் தலையைப் பற்றுகிறது. பல நோய் கொண்டோரின் அன்றாடத் துன்பத்தை இதனினும் சுருக்கமாக யாரும் சொன்னதில்லை. ஒரு நோய்க்கு இதமானது மற்றொரு நோய்க்குக் கேடாக முடிகிறது.

கிதாபுல் ஹயவானின் நடுவே அந்நூலின் குறைகளுக்குக் காரணம் கூறுமிடத்தில் ஜாஹிழ் தம் இடர்களை வரிசைப்படுத்துகிறார். கடுமையான நோய் முதலாவது. துணைக்கு ஆளில்லாமை இரண்டாவது. நூலின் நீளம் மூன்றாவது. நோயையும் துணையின்மையையும் ஒன்றாகக் குழப்பாமல் வேறு வேறாக அவர் எண்ணியதைக் கவனிக்க வேண்டும். முதல் துன்பம் இறைவனின் சோதனை. இரண்டாவது துன்பம் மனிதர்கள் நீக்கக் கூடியது.

மோசூலின் பேரறிஞர்

அந்த இரண்டாவது துன்பம் நீங்கினால் என்ன நிகழும் என்பதற்கு மோசூல் நகரத்தின் வரலாறு விடை கூறுகிறது. இப்னுல் அஸீர் என்ற பெயரால் விளங்கிய சகோதரர் மூவர். அல்காமில் என்னும் பெருவரலாற்றை எழுதிய இஸ்ஸுத்தீன் ஒருவர். இலக்கியத் திறனாய்வு நூலான அல்மஸலுஸ் ஸாயிரை எழுதிய ளியாவுத்தீன் மற்றொருவர். இவர்களுள் மூத்தவர் மஜ்துத்தீன் முபாரக் (ரஹ்). ஹிஜ்ரி 544 இல் (கி.பி. 1149) ஜஸீரத் இப்னு உமர் என்னும் ஊரில் பிறந்து, மோசூலில் கல்வி கற்று, ஆட்சியாளர்களின் எழுத்துத் துறையில் உயர் பதவி வகித்தவர்.

இவரையும் நோய் பற்றியது. கைகளும் கால்களும் இயக்கம் இழந்தன. எழுதவே இயலாது போயிற்று. எங்கேனும் செல்ல நேர்ந்தால் பல்லக்கில் வைத்துத் தூக்கிச் சென்றனர். ஓர் ஆசிரியர் இதனை நிக்ரிஸ் என்கிறார். வேறொருவர் ஃபாலிஜ் என்கிறார். பெயர் எதுவாயினும், பேனா பிடித்து வாழ்ந்த மனிதரிடமிருந்து அது பேனாவைப் பறித்துக்கொண்டது.

அவர் வீட்டில் அமர்ந்தார். வியப்புக்குரிய செய்தி இனித்தான் வருகிறது. அவருடைய நூல்கள் யாவும் இந்த முடக்கத்தின் காலத்திலேயே தொகுக்கப்பட்டன என்று கூறப்படுவதை இப்னு கல்லிகான் பதிவு செய்கிறார். அலுவல் ஓய்ந்ததால் நேரம் கிடைத்தது. செய்திகளைத் தேர்ந்தெடுக்கவும் எழுதவும் ஒரு குழுவினர் உடனிருந்து உதவினர். முவத்தா, புகாரி, முஸ்லிம், அபூதாவூத், திர்மிதீ, நஸாயீ ஆகிய ஆறு ஹதீஸ் நூல்களை ஒன்றுதிரட்டிப் பொருள்வாரியாக அடுக்கிய ஜாமிஉல் உஸூல் இவருடையது. ஹதீஸ்களில் வரும் அருஞ்சொற்களை அகரவரிசையில் விளக்கும் அந்நிஹாயாவும் இவருடையதே. ஷாஃபிஈ மத்ஹபைப் பின்பற்றும் நம் கடற்கரை ஊர் மக்கள் மகிழத்தக்க செய்தி, இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்களின் முஸ்னதுக்கும் இவர் விரிவுரை கண்டார் என்பது. அரபுக் கல்லூரிகளில் ஹதீஸ் ஓதுவோர் நிஹாயாவின் துணையின்றி நெடுந்தொலைவு செல்ல இயலாது.

இவரைப் பற்றிய நிகழ்ச்சி ஒன்றைத் தம்பி இஸ்ஸுத்தீன் வாய்மொழியாகவே இப்னு கல்லிகான் தருகிறார். மேற்குத் திசை நாட்டிலிருந்து மருத்துவர் ஒருவர் வந்தார். நோயைத் தீர்ப்பதாகவும், தீரும் வரை கூலி வேண்டாமென்றும் சொல்லி, தைலம் ஒன்று செய்து தடவினார். கால்கள் இளகின, நீட்ட முடிந்தது, குணம் நெருங்கியது. அந்நேரத்தில் மஜ்துத்தீன், அவருக்கு மனநிறைவாகப் பொருள் கொடுத்து அனுப்பிவிடுமாறு தம்பியிடம் கூறினார். தம்பி திகைத்தார். அண்ணன் காரணம் சொன்னார். உடல் நலத்தோடு இருந்தபோது தாம் ஆட்சியாளர் வாயிலில் சென்று நின்றதாகவும், இப்போது அவர்களே தம் இல்லம் நாடி வந்து ஆலோசனை கேட்பதாகவும், எஞ்சிய சிறிது காலத்தை அந்தச் சிறுமையின்றிக் கழிக்க விரும்புவதாகவும் கூறினார். தம்பி அதனை ஏற்று மருத்துவரை அனுப்பிவைத்தார். ஹிஜ்ரி 606 இன் இறுதியில் (கி.பி. 1210) மஜ்துத்தீன் மறைந்தார்.

இந்நிகழ்ச்சியை மேடைகளில் சொல்லும்போது, மருத்துவம் வேண்டாமென்பதே மேலான பொறுமை என்று பொருள் கொண்டுவிடலாகாது. அவருக்குச் செல்வம் இருந்தது, சொல்லச் சொல்ல எழுதுவோர் இருந்தனர், சுமப்போர் இருந்தனர். அரசர் வாயிலுக்குப் போவதா, வீட்டில் இருப்பதா என்பது அவருக்கு முன்னிருந்த தேர்வு. அத்தகைய தேர்வு நம் வீட்டுத் தாய்மாருக்கு வாய்ப்பதில்லை. நோவோடு அடுப்படியில் நிற்பதா, நோவு தணிந்து நிற்பதா என்பதே அவர்களுடைய நிலை. மருத்துவம் செய்துகொள்ளத் தூண்டிய நபிமொழிகள் அவர்களுக்கும் உரியன.

ஒரு பெயரும் பல நோய்களும்

பழைய அரபு மருத்துவர்கள் மூட்டு நோய்கள் அனைத்தையும் வஜஉல் மஃபாஸில், அதாவது மூட்டு நோவு, என்னும் பொதுப் பெயருள் அடக்கினர். கால் பெருவிரலைப் பற்றுவது நிக்ரிஸ். இடுப்பிலிருந்து காலுக்கு இறங்குவது இர்குன் நஸா. கி.பி. 925 இல் மறைந்த அபூபக்ர் அர்ராஸீ மூட்டு நோவுக்கெனத் தனி நூலே எழுதினார். யூனானி வைத்தியர் இன்றும் கையாளும் சூரஞ்சான் கிழங்கு அக்கால மருத்துவர் அறிந்திருந்ததே. அவ்வினச் செடியிலிருந்து பிரித்தெடுக்கப்படும் கோல்சிசின் இக்கால மருத்துவத்திலும் நிக்ரிஸுக்குக் கொடுக்கப்படுகிறது. ஆயினும் முடக்குவாதத்தின் போக்கை அது மாற்றாது. இரண்டும் வேறு வேறு நோய்கள் என்பது தெளிவாக நெடுங்காலம் ஆயிற்று.

1800 ஆம் ஆண்டில் பாரிஸ் நகரின் சால்பெத்ரியேர் மருத்துவமனையில் பணியாற்றிய லாந்த்ரே-போவே என்னும் இளம் மருத்துவர் ஓர் ஆய்வேட்டை அளித்தார். நிக்ரிஸ் செல்வரின் நோய், பெரும்பாலும் ஆடவரின் நோய் என்று கருதப்பட்ட காலம் அது. அவர் கண்டதோ வறிய பெண்கள் ஒன்பது பேர். பல மூட்டுகள் ஒருங்கே வீங்கி ஆண்டுக்கணக்கில் நீடித்த அந்நோய் நிக்ரிஸினின்றும் வேறுபட்டதென அவர் உணர்ந்தார். 1848 இல் இலண்டன் மருத்துவர் ஆல்ஃபிரட் காரட், நிக்ரிஸ் நோயாளரின் இரத்தத்தில் யூரிக் அமிலம் மிகுந்திருப்பதைக் காட்டினார். 1859 இல் மற்றதற்கு ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ் என்னும் பெயரை இட்டார். இதனையே நாம் முடக்குவாதம் என்கிறோம். உடலைக் காக்கும் எதிர்ப்பாற்றலே வழி தவறித் தன் மூட்டுகளைத் தாக்குவதால் இந்நோய் விளைகிறது என்பது இருபதாம் நூற்றாண்டில் தெளிவாயிற்று. மூட்டோடு நில்லாமல் நுரையீரலையும் கண்ணையும் இதயத்தையும்கூட அது தொடக்கூடும்.

ஜாஹிழ் சொன்னது மெய்யாயிற்று

அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையில் பணியாற்றிய பிலிப் ஹெஞ்ச், மஞ்சட்காமாலை வந்தபோதும் கருவுற்றிருந்தபோதும் சில நோயாளரின் மூட்டு நோவு தணிவதைக் கவனித்து வந்தார். 1948 செப்டம்பரில், எழுந்து நடக்க மாட்டாத 29 வயதுப் பெண் ஒருவருக்குக் கார்ட்டிசோன் என்னும் மருந்து ஊசி வழியாகச் செலுத்தப்பட்டது. சில நாட்களில் அவர் நடந்தார். உலகம் வியந்தது. 1950 இல் ஹெஞ்ச், கெண்டல், ரைக்ஸ்டைன் மூவருக்கும் நோபல் பரிசு வழங்கப்பட்டது.

வியப்பு நெடுநாள் நீடிக்கவில்லை. அம்மருந்தைத் தொடர்ந்து மிகுதியாக உட்கொண்டோருக்கு முகம் உப்பியது, எலும்பு மெலிந்தது, இரத்தச் சர்க்கரையும் இரத்த அழுத்தமும் ஏறின, தொற்று நோய்கள் எளிதில் பற்றின. மருந்தை நிறுத்தியதும் நோவு மீண்டது. ஒன்றுக்கு இதமானது மற்றொன்றுக்குக் கேடு என்று பஸ்ராவின் முதியவர் கூறியது ஆயிரம் ஆண்டுகளுக்குப் பின் மருத்துவமனைகளில் மெய்யாயிற்று. ஸ்டீராய்டு எனப்படும் இவ்வகை மருந்துகள் இன்றும் பயன்படுகின்றன. இயன்றவரை குறைந்த அளவில், குறுகிய காலத்திற்கே மருத்துவர்கள் கொடுக்க முயல்கின்றனர்.

பின்னர் வேறு மருந்துகள் வந்தன. புற்றுநோய்க்கென உருவான மெத்தோட்ரெக்சேட், மிகக் குறைந்த அளவில் முடக்குவாதத்தைக் கட்டுப்படுத்தும் என்பது மெய்ப்பிக்கப்பட்டு, 1988 இல் அமெரிக்க அரசின் ஒப்புதல் பெற்றது. 1990களில் இலண்டனில் மைனி, ஃபெல்ட்மன் என்னும் இருவரின் ஆய்வால் உயிரியல் மருந்துகள் வழிபிறந்தன. இன்று தொடக்கத்திலேயே கண்டறிந்து மருந்து தொடங்கினால், பலருக்கு மூட்டுகள் உருக்குலையாமல் காக்கப்படுகின்றன. தாமதம்தான் இந்நோயின் பெருந்துணை.

துணை என்பது யாது?

பல நோய் கொண்டவருக்கு இன்று தேவைப்படும் துணை, பல்லக்குச் சுமப்போர் அல்லர், கணக்கு வைப்போர். மூட்டுக்கு ஒரு மருத்துவர், சர்க்கரைக்கு ஒருவர், இதயத்துக்கு ஒருவர் என்று செல்லும் நோயாளி, மூவர் எழுதிய மருந்துகளையும் ஒரே தாளில் எழுதி மூவரிடமும் காட்ட வேண்டும். சிறுநீரகம் பழுதுற்றவருக்கும் இரத்த அழுத்தம் உள்ளவருக்கும் வலி நிவாரண மாத்திரைகள் தீங்கு செய்யக்கூடும். முடக்குவாதத்திற்கு மெத்தோட்ரெக்சேட் வாரம் ஒருமுறை மட்டுமே உட்கொள்ளத் தக்கது. நாள்தோறும் உட்கொண்டால் உயிருக்கே இடர் நேரும். கருவுற்றிருப்போர் அதனைத் தொடவே கூடாது. நெடுநாள் உட்கொண்ட ஸ்டீராய்டைத் திடீரென நிறுத்தலாகாது. பெயர் தெரியாத மூட்டு நோவுப் பொடிகளில் ஸ்டீராய்டு கலந்திருந்தது பலமுறை கண்டறியப்பட்டிருக்கிறது. எழுத்தறிந்த மகனோ மகளோ இவற்றைக் கண்காணித்தால், அந்தக் காகிதத் தாள் நோயாளிக்கு மற்றுமொரு மருந்தாகும்.

இதனினும் முன்னதாக வேண்டிய துணை ஒன்றுண்டு. நோயாளி சொல்வதை நம்புவது. முடக்குவாதம் தொடங்கும் காலத்தில் வெளியே புலப்படுவது சிறிது. உள்ளே நோவு பெரிது. விடியலில் ஒளுச் செய்யக் குழாயைத் திருக முடியாத பெண், நண்பகலில் ஓரளவு வேலை செய்கிறாள். இதைக் காண்போர் காலையில் அவள் சோம்பியதாகக் கருதுகின்றனர். அந்நோயின் இயல்பே அதுவென்று அறியாமையால் விளையும் பழி இது. மருமகள் என்றால் பழி இன்னும் எளிதில் வந்து சேர்கிறது. அவளும் சொல்லாமல் பொறுத்துக்கொள்கிறாள். சொன்னால் பொறுமை குறைந்துவிடும் என்றும் எண்ணுகிறாள்.

பொறுமைக்கு இலக்கணமான ஐயூப் நபி (அலை) அவர்கள் தம்மைத் துன்பம் தீண்டியதை இறைவனிடம் வாய்விட்டு முறையிட்டதைத் திருக்குர்ஆன் கூறுகிறது. இம்ரான் (ரலி) அவர்கள் தம் நோயைச் சொல்லி வழி கேட்டார்கள். நோவை எடுத்துரைப்பது பொறுமைக்கு மாறானதன்று என்பதற்கு இவ்விரண்டும் போதிய சான்றுகள். அமர்ந்து தொழுவதும், நீர் தீங்கு செய்யுமாயின் தயம்மும் செய்வதும், நோன்பு நோற்க இயலாதபோது மார்க்கம் தந்த சலுகையை ஏற்பதும் குறைகள் ஆகா. இறைவன் வழங்கிய எளிமையை வீட்டார் கடுமையாக்கலாகாது.

மஜ்துத்தீன் மறைந்து சில தலைமுறைகளுக்குப் பின், ஹிஜ்ரி 711 இல் (கி.பி. 1311) இறந்த இப்னு மன்ளூர், லிஸானுல் அரப் என்னும் மாபெரும் அரபு அகராதியைத் தொகுத்தார். அதற்கு அவர் அடிப்படையாகக் கொண்ட ஐந்து நூல்களுள் நிஹாயாவும் ஒன்று. இன்று அரபுச் சொல் ஒன்றுக்குப் பொருள் தேடி அவ்வகராதியை விரிக்கும் மாணவன், முடங்கிய கைகளுக்குரியவரின் உழைப்பைத் தன்னையறியாமலே துய்க்கிறான். அக்கைகளுக்காக எழுதிய கைகளின் சொந்தக்காரர்களை இப்னு கல்லிகான் ஒரு குழுவினர் என்று மட்டுமே குறிக்கிறார். அவர்களுடைய கூலி இறைவனிடம் இருக்கிறது. நம் வீட்டில் மருந்துத் தாள் எழுதும் பிள்ளைக்கும், விடியலில் குழாயைத் திருகிக் கொடுக்கும் மாமியாருக்கும் அக்கூலியில் பங்குண்டு என்று நம்புவோமாக.